இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் பிடிக்கிறது: என்ன சாப்பிடுவது, என்ன குடிப்பது?

தம்பி கேட்டது இதுதான். வயது 20, நிறை 60 கிலோ, திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு கழகத்துக்கு உதைபந்தாட்டம். பின்னேரம் 4.30க்குப் பயிற்சி. முதல் பாதியில் ஒரு குறையும் இல்லை. கடைசிப் பதினைந்து இருபது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடிக்கிறது, கால் கனக்கிறது. பழைய கோச் "விளையாட்டுக்கு நடுவில தண்ணி குடிக்காதே" என்கிறார். கூட்டாளிகள் இளநீர் காணும் என்கிறார்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் ஒரே நாளில் இரண்டு மட்ச் வரும் சுற்றுப்போட்டி வேறு.

அன்றாடச் சாப்பாட்டையும் சேர்த்து எழுதியது நல்லதாய்ப் போயிற்று. விடிய பிளேன்டீயும் இரண்டு துண்டுப் பாணும். மத்தியானம் சோத்துப் பார்சலில் பாதி, ஏனென்றால் முழுக்கச் சாப்பிட்டால் ஓட ஏலாதாம். பிறகு மைதானத்துக்கு வரும்வரை ஒன்றும் இல்லை. பயிற்சி முடிந்து ஒரு சோடா, இரவு 9 மணிக்குக் கொத்துரொட்டி. தம்பி, உங்கள் பிரச்சினை மைதானத்தில் தொடங்கவில்லை. காலையிலிருந்து 4.30 வரை உடம்புக்குள் போனது மிகக் குறைவு. மிச்சமெல்லாம் அதன் விளைவு. பவுடர் வாங்குவதற்கு முன் இதைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை நமக்கு அடிப்பது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த சூட்டுக் காற்றாக வரும். அந்தக் காற்றில் வியர்வை தோலில் நிற்காது, வந்தவுடனேயே உலர்ந்துவிடும். அதனால் "இண்டைக்கு அவ்வளவா வேர்க்கேல்ல" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். பயிற்சி முடிந்ததும் ஒரு கறுப்பு ஜேர்சியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அரைமணித்தியாலம் கழித்துப் பாருங்கள். முதுகிலும் கழுத்துப் பட்டியிலும் அக்குள் ஓரத்திலும் வெள்ளை வளையம் படிந்திருக்கும். அது உப்பு. சிலருக்கு மெல்லிய கோடு மட்டும். சிலருக்கு நகத்தால் சுரண்டினால் துகள் வரும், கண்ணுக்குள் வியர்வை விழுந்தால் எரியும், வாயில் பட்டால் கரிக்கும். நீங்கள் இந்த இரண்டாவது வகை என்றால் வெறும் தண்ணீர் உங்களுக்குப் போதாது.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய. கடுமையாக ஓடும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் வியர்ப்பவரும் உண்டு, இரண்டு லீற்றர் வியர்ப்பவரும் உண்டு. ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ அரைக் கிராமிலிருந்து ஒன்றேமுக்கால் கிராம் வரை சோடியம் போகும். ஆகவே "ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் தண்ணி குடிக்கவேணும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். உங்கள் கணக்கை நீங்களே எடுக்கலாம்.

பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளுடுப்போடு மட்டும் தராசில் ஏறுங்கள். முடிந்தபின் உடம்பைத் துவாயால் துடைத்துவிட்டு அதேபோல் ஏறுங்கள். 60 கிலோ 58.2 ஆகியிருக்கிறது, இடையில் அரை லீற்றர் குடித்திருக்கிறீர்கள் என்று வைப்போம். குறைந்த 1.8 கிலோவோடு குடித்த 0.5ஐக் கூட்டினால், ஒன்றரை மணித்தியாலத்தில் 2.3 லீற்றர் வியர்த்திருக்கிறது. உடல் நிறையில் 2 வீதத்துக்கு மேல் தண்ணீர் குறைந்தால், அதுவும் வெயிலில், ஓட்டமும் தீர்மானமும் தளரத் தொடங்கும். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 கிலோதான். உங்கள் கால் கனக்கும் நேரமும் அந்த எல்லையைத் தாண்டும் நேரமும் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெவ்வேறு வானிலையில் மூன்று நான்கு தடவை நிறுத்துப் பார்த்தால் உங்கள் உடம்பின் குணம் பிடிபட்டுவிடும்.

கோச் சொன்னதற்கு வருவோம். அவர் தலைமுறையில் எல்லாரும் அப்படித்தான் பழகினார்கள், அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரைக் குறைத்துப் பழக்கினால் உடம்பு குறைந்த தண்ணீரோடு சமாளிக்கக் கற்றுக்கொள்ளும் என்ற எண்ணம் பொய் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்து எட்வர்ட் அடொல்ஃப் குழுவினர் படைவீரர்களைப் பாலைவனத்தில் வைத்து ஆராய்ந்தபோது, தேவை அப்படிக் குறையவில்லை. வேலைத்திறன்தான் குறைந்தது. தாகத்துக்கு மட்டும் குடிப்பவர்கள் இழந்ததை முழுதாக ஈடுசெய்வதில்லை என்பதையும் அவர்கள்தான் கவனித்தார்கள். கோச்சிடம் வாதாட வேண்டாம் தம்பி. 2014 உலகக் கிண்ணத்தில் பிரேசில் வெயிலில் நடுவர்களே ஆட்டத்தை நிறுத்தி வீரர்களைத் தண்ணீர் குடிக்கவிட்டதை ஞாபகப்படுத்துங்கள், காணும். வயிறு குலுங்கும் என்று அவர் சொல்வதில் மட்டும் நியாயம் உண்டு. ஒரே மூச்சில் முக்கால் லீற்றர் குடித்துவிட்டு ஓடினால் குலுங்கத்தான் செய்யும். நாலைந்து மடக்காக, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் குடித்துப் பழகினால் இரண்டு கிழமையில் வயிறும் பழகிவிடும். மட்ச் நாளில் இடைவேளைக்கு 400 மில்லிலீற்றர் அளவு, பந்து வெளியே போகும்போது கோட்டோரத்தில் இரண்டு மடக்கு.

மறுபக்கம் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 வீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிராபத்தான அளவில். வியர்த்ததைவிட அதிகம் குடித்து, புறப்பட்டபோது இருந்ததைவிட நிறை கூடி வந்தவர்களிடம்தான் இது அதிகம். உதைபந்தாட்டத்தில் அவ்வளவு குடிக்க நேரமே கிடைக்காது. பாடசாலை மரதன் ஓட்டத்தில் கடைசியாக மெல்ல வரும் பிள்ளைக்கு வழி நெடுகக் கிளாஸ் கிளாஸாக ஊற்றிக் கொடுக்கும் அன்பர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும். கோணேஸ்வரத்துக்குக் காலையில் கோட்டை வழியாக நடந்து ஏறி இறங்கும் பெரியவர்களுக்கும் உப்புப் பானமோ குளுக்கோஸோ தேவையில்லை, வெறும் தண்ணீர் காணும். பிரஷர் உள்ளவர்கள் கீழே நான் உப்பைப் பற்றி எழுதுவதைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

இளநீரை நான் குறை சொல்ல மாட்டேன், செவ்விளநீரை விரும்பிக் குடிப்பவன்தான். ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது நேர்மாறு. எனவே இளநீர் நல்ல பானம், உப்பு வியர்வைக்காரருக்கு மட்டும் அது தனியே ஆகாது. வெட்டித் தரும்போது இரண்டு சிட்டிகை உப்புப் போட்டுக்கொண்டால் குறை தீர்ந்துவிடும். மைதானத்துக்குக் கொண்டுபோக வீட்டிலேயே ஒன்று கலக்கலாம். ஒரு லீற்றர் ஆறிய கொதிதண்ணீர், தட்டையாக அளந்த நாலு ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேசிக்காய். சீனி 5 முதல் 6 வீதம் வரும், சோடியம் 600 மில்லிகிராம் அளவில் வரும். இது கடைப் பானத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. சீனியை அள்ளிப் போட்டுச் சர்பத் ஆக்கிவிடக் கூடாது. 8 வீதத்துக்கு மேலே போனால் வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகும். சோடாக்கள் பலவற்றில் சீனி பத்து வீத அளவில், காற்று வேறு, உப்பு இல்லை. பயிற்சி முடிந்த கையோடு அதைக் குடிப்பதில் தாகம் அடங்கும், அவ்வளவுதான். பார்மசியில் வாங்கும் ஜீவனி வயிற்றோட்டத்துக்காக அளந்து செய்தது, உப்பு அதிகம், சீனி குறைவு. கடும் வெயில் மட்சுக்குப் பிறகு ஒரு பைக்கற்றைக் கலக்கிக் குடிப்பதில் தவறில்லை. பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். நாக்குக்கு ஏற்றபடி தடிப்பாகக் கலக்கக் கூடாது.

இனிக் கெண்டை. இதில் எல்லாரும் உப்பு உப்பு என்பார்கள். உப்பும் ஒரு காரணம், குறிப்பாக ஜேர்சியில் வெள்ளை வளையம் தடிப்பாகப் படிபவர்களுக்கு. ஆனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மட்டும், அதுவும் அதிகம் உழைத்த தசையில் மட்டும் பிடிக்கிறது என்றால் களைப்பும் சேர்ந்திருக்கிறது. களைத்த தசைக்கு நரம்பு "இழு இழு" என்று கட்டளை அனுப்புவதை நிறுத்தத் தெரியாமல் போகிறது என்பதுதான் இப்போது பலமாக நிற்கும் விளக்கம். பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தால் விடுவது அதனால்தான். ஊறுகாய்த் தண்ணீர் கொஞ்சம் குடித்தால் தசைப்பிடிப்பு வெறும் தண்ணீரைவிட வேகமாக விடுகிறது என்று அமெரிக்காவில் 2010இல் ஒரு ஆய்வு வெளியானது. இரத்தத்தில் உப்பு ஏறுவதற்கு முன்பே விட்டுவிட்டது. அந்தப் புளிப்பு தொண்டையில் பட்டதில் நரம்புதான் அடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். நம்முடைய தேசிக்காய் ஊறுகாய் ஒரு துண்டைக் கிட் பைக்குள் வைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. நிரந்தர வழி இரண்டுதான்: கடைசி இருபது நிமிடத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பயிற்சியில் ஓடுவது, எரிபொருளோடு மைதானத்துக்கு வருவது.

அந்த எரிபொருள் சோறு. தசைக்குள் கிளைகோஜன் என்று சேமித்து வைக்கப்படும் மாச்சத்து தீர்ந்தால் கால் நகராது என்பது 1960களில் சுவீடனில் பேர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் தசையில் ஊசி குத்தி மாதிரி எடுத்துக் காட்டிய விஷயம். சோறைக் குறைத்தால் உடம்பு வடிவாகும் என்று இப்போது பொடியன்கள் மத்தியில் ஒரு கதை ஓடுகிறது. கதிரையில் இருந்து வேலை பார்ப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். ஒன்றரை மணித்தியாலம் ஓடுகிற உங்களுக்கு, பயிற்சி உள்ள நாளில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் வரை, அதாவது 300 முதல் 420 கிராம் வரை மாச்சத்து வேண்டும். சமைத்த சோறு 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 28 கிராம். இரண்டு துண்டுப் பாணும் அரைப் பார்சலும் எந்த மூலைக்கு?

மத்தியானப் பார்சலை முழுதாகச் சாப்பிடுங்கள், ஆனால் 12.30க்கு. 2 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு 4.30க்கு ஓடுவதால்தான் வயிறு கனக்கிறது. பொரியலையும் தேங்காய்ப்பால் தடிப்பான கறியையும் அன்றைக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள், கொழுப்பு வயிற்றில் தங்கும். மீனும் பருப்பும் போதும். 3.30க்கு இரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழம், அல்லது பாணில் ஜாம் பூசி இரண்டு துண்டு, கூட ஒரு பிளேன்டீ. தேயிலை தண்ணீரை வெளியேற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம், இந்த அளவில் அப்படி ஒன்றும் ஆகாது. மத்தியானத்துக்கும் 3 மணிக்கும் இடையில் இரண்டு கிளாஸ் தண்ணீர். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் சரி, கடும் மஞ்சளாக இருந்தால் இன்னொரு கிளாஸ். காலையில் பாணோடு ஒரு முட்டையும் கொஞ்சம் பருப்பும், அல்லது புட்டும் பழமும். விடிய வெறும் தேத்தண்ணீரில் நாளைத் தொடங்குவதை முதலில் விடுங்கள்.

பயிற்சி முடிந்து இரவு 9 வரை ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் மற்றப் பெரிய ஓட்டை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை, இரவு படுக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கூடுதலாகச் சொல்வது ஏனென்றால் கொஞ்சம் சிறுநீராகப் போய்விடும். வெறும் தண்ணீராகக் குடித்தால் இன்னும் வேகமாகப் போகும், உப்போ சாப்பாடோ சேர்ந்தால் உடம்பில் தங்கும். 2016இல் பிரித்தானியாவில் மோகன் குழுவினர் பல பானங்களைக் குடிக்கவைத்துச் சிறுநீரை அளந்தபோது, பாலும் ஜீவனி போன்ற உப்புக் கரைசலும் தண்ணீரைவிட அதிக நேரம் உடம்பில் நின்றன. இதில் திருகோணமலைக்காரருக்கு அதிர்ஷ்டம் உண்டு. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியாக வீட்டுக்கு வருகிறது. இரண்டு அகப்பைத் தயிரை அரை லீற்றர் தண்ணீரில் அடித்து, உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய் போட்டு மோராக்கினால், தண்ணீரும் சோடியமும் கொஞ்சம் புரதமும் ஒரே போத்தலில். கூட இரண்டு வாழைப்பழம். இரவு கொத்துத்தான் வேண்டுமென்றால் முட்டைக் கொத்து, எண்ணெய் குறைத்து, 8 மணிக்கு முன்.

சுற்றுப்போட்டி நாள் வேறு கதை. காலை 9க்கு ஒரு மட்ச், பின்னேரம் 3க்கு அடுத்தது என்றால் இடையில் ஐந்து மணித்தியாலமும் இல்லை. அந்த நேரத்தில் பெரும்பாலான கழகங்கள் செய்வது, 12 மணிக்குக் கோழிப் புரியாணிப் பார்சல் பிரித்து, மரநிழலில் படுத்து, 3 மணிக்குக் கனத்த வயிற்றோடு எழும்புவது. முதல் மட்ச் முடிந்த முதல் அரைமணித்தியாலத்தை வீணாக்காதீர்கள். அந்த நேரத்தில் தசை மாச்சத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். முதல் நாலு மணித்தியாலத்துக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிராம், அதாவது உங்களுக்கு 60 கிராம் இலக்கு. ஒரு றாத்தல் பாண் 450 கிராம். அதில் காற்பங்கோடு ஒரு வாழைப்பழம் என்றால் கணக்குக்குத் தாராளம். அல்லது பழம் பிசைந்த அவல். 11 மணியளவில் வெள்ளைச் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும், முக்கால் வயிற்றுக்கு. பிறகு கலக்கிய தேசிக்காய்ப் பானம், நிழல், ஈரத்துவாய். இரண்டாவது மட்சுக்கு ஒரு மணித்தியாலம் முன் ஒரு வாழைப்பழம். இடைவேளையில் தோடம்பழத் துண்டு கொடுப்பது நல்ல பழைய வழக்கம், விட வேண்டாம். வெறும் குளுக்கோஸை உள்ளங்கையில் கொட்டி நக்குவது மட்டும் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் போன சீனி வயிற்றைப் பிரட்டும். இன்னொன்று, போட்டி நாளில் புதிதாக ஒன்றையும் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. இந்த ஒத்திகை எல்லாம் பயிற்சியில் நடக்க வேண்டியவை.

புரோட்டீன் பவுடர் பற்றி: விஷமும் இல்லை, தேவையும் இல்லை. உங்களுக்குக் கிலோவுக்கு ஒன்றரைக் கிராம் அளவில், நாளுக்கு 90 முதல் 95 கிராம் புரதம் தாராளம். இரண்டு முட்டையில் 12, மத்தியானமும் இரவும் நூறு நூறு கிராம் மீனில் 40, அவித்த கௌபி ஒரு கோப்பையில் 13, ஒரு கிளாஸ் பாலில் 6 அல்லது 7. மிச்சம் பருப்பிலும் சோற்றிலும் ஒரு கை கச்சான் கடலையிலும் வந்துவிடும். கீரி, சாளை, சூரை மீன்கள் இவ்வளவு மலிவாகக் கரைக்கு வரும் ஊரில் டின் புரதத்துக்குக் காசு கொட்டுவது எனக்குப் புரிவதில்லை. ஒரே நேரத்தில் குவிக்காமல் மூன்று நாலு வேளைக்குப் பிரித்து, வேளைக்கு 20 கிராமாவது வரும்படி பாருங்கள், அதுதான் தசைக்கு உதவும். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மரக்கறி என்றால் கௌபி, கடலை, பயறு, தயிர் கூட்டினால் போதும். மாவட்ட, தேசிய மட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருள்களைச் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஏறத்தாழ 15 வீதத்தில், லேபிளில் இல்லாத ஊக்கமருந்து கலந்திருந்தது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

உங்கள் அணியில் பாதிப்பேர் கிண்ணியாப் பொடியன்கள் என்று எழுதியிருந்தீர்கள். நோன்பு மாதத்தில் அவர்களைப் பின்னேரம் 4 மணிக்கு ஓடவிடாமல், நோன்பு துறக்க முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது இலேசான பயிற்சி, அல்லது இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு முழுப் பயிற்சி என்று மாற்றிக்கொள்ளலாம். துறக்கும்போது பேரீச்சம்பழமும் தண்ணீரும், பின்னால் நோன்புக் கஞ்சி. விளையாட்டுக்காரனுக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போல இருக்கும் அது. குழைந்த அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சித் துண்டு, உள்ளி, இஞ்சி, தேவையான உப்பு, எல்லாம் நிறையத் தண்ணீரோடு. நோன்பு இல்லாதவர்களும் மட்ச் முடிந்து ஒரு கோப்பை வாங்கிக் குடிக்கலாம், தருவதற்கு அங்கே யாரும் தயங்குவதில்லை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சோறு, முட்டை, தயிர். கருவாடு, பப்படம் அந்த வேளைக்கு வேண்டாம், பகலெல்லாம் தாகம் வாட்டும்.

விற்றமின் குளிசை பற்றிக் கேட்டீர்கள். கீரை, மாம்பழம், பப்பாசி சாப்பிடும் ஆளுக்குத் தேவையில்லை.

வலிக் குளிசையைப் பற்றித்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். கெண்டைக்குப் பயந்து மட்சுக்கு முன் டைக்குளோஃபெனக், ஐபியுபுரோஃபென் போடும் பழக்கம் சில அணிகளில் இருக்கிறது. தண்ணீர் குறைந்து சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவாகப் போகும் நேரத்தில் இவை அந்த இரத்தத்தை இன்னும் குறைக்கும். சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கும் வறண்ட வலயத்தில் நாம் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மட்ச் நாளில் தொடவே வேண்டாம்.

கடைசியாக, கச்சான் காலத்தில் யாராவது தடுமாறி ஓடினால், சம்பந்தம் இல்லாமல் கதைத்தால், வாந்தி எடுத்தால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது சாதாரணக் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கம். தோல் வியர்த்து ஈரமாக இருந்தாலும் அதுவாக இருக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் சுவாசக் குழாய்க்குள் போய்விடும். நிழலுக்கு இழுத்து, சப்பாத்து ஜேர்சி எல்லாம் கழற்றி, கிணற்று வாளியோ குழாயோ எது கிட்ட இருக்கிறதோ அதிலிருந்து தலை, கழுத்து, அக்குள், தொடைச் சந்து என்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள், ஒருவர் விசிறட்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அதே இடங்களில் வையுங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும், அம்புலன்ஸ் இலவசம். வண்டி வந்து நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.